அத்தியாயம் 17: கால் தெரிகிற இடம்

ஜெயசுதா மூட்டை கட்டிக்கொண்டிருந்ததோடு போன வாரம் விட்டோம். இன்னும் கட்டி முடித்தபாடில்லை. பத்து மாதப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மூட்டை கட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், உள்ளே வைத்த நாலு துணியில் மூன்று வெளியே வந்துவிடும்.

நாளைக்கு அவள் புருஷன் சேவியருக்கு முதல் வருட நினைவுப் பூசை. பூசை முடிந்ததும் அண்ணன் சுபாஷ் பனித்திட்டிலிருந்து வண்டி கொண்டுவந்து தங்கையையும் பாப்பாவையும் அழைத்துப் போய்விடுவான். திரும்பி வருவதாக அவள் சொல்லவில்லை. வரச்சொல்லி இந்த உறுவையாறு ஊரில் யாரும் கேட்கவும் இல்லை.

காரணம் ஊரறிந்தது. போன வருஷம் ஒரு திங்கட்கிழமை காலை, பல் துலக்கப் போன சேவியர் குழாயடியில் சாய்ந்தான். இருபத்தெட்டு வயது. ஆஸ்பத்திரியில் டாக்டர் உதட்டைக் கடித்துக்கொண்டு, "ரெண்டு நாளா வலி இருந்திருக்கணுமே, வீட்ல யார்கிட்டயும் சொல்லலையா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விதான் இந்தக் குடும்பத்தை இரண்டாகப் பிளந்தது.

"அக்காகிட்ட சொல்லிட்டேன்னு சொன்னாரு" என்றாள், ஏழு மாத வயிற்றோடு நின்ற ஜெயசுதா.

"என்கிட்ட சொல்லல" என்றாள் அக்கா ரோஸ்லின். அதோடு நிறுத்தியிருக்கலாம். அடக்கம் முடிந்த மூன்றாம் நாள், ஊரார் பார்க்கக் கோயில் வாசலில் மாதா சிலை இருக்கும் கெபியில் கைவைத்து, "என் தம்பி என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல" என்று சத்தியமும் செய்துவிட்டாள். அன்றிலிருந்து ஜெயசுதாவுக்கு ஊரில் புளுகுணி என்று பெயர். மாமியார் ஆரோக்கியசெல்வி மருமகளிடம் முகம் கொடுத்துப் பேசி வருஷமாகப் போகிறது.

ரோஸ்லின் மனமறிந்து பொய் சொல்கிறவள் இல்லை. அதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

*

காலை ஒன்பது மணிக்கு ரோஸ்லின் தன் சிபியுவைப் பாயில் படுக்கவைத்துப் பக்கத் தகட்டைக் கழற்றினாள். உள்ளே ஒரு தலையணை தைக்கலாம், அவ்வளவு தூசி.

வில்லியனூர், பாகூர் வட்டாரத்துக் கல்யாணங்களில் பல, இந்தப் பத்தடி அறையில்தான் இரண்டாம் தடவை நடக்கும். சேவியர் படம் பிடித்து வருவான். ரோஸ்லின் வெட்டி, ஒட்டி, பாட்டுப் போட்டுக் கொடுப்பாள். முப்பத்துமூன்று வயதாகியும் அவள் கல்யாணம் செய்துகொள்ளாததற்கு ஊர் ஆயிரம் காரணம் சொல்லும். நாளுக்கு எட்டு மணி நேரம் அடுத்தவர் தாலிகட்டைப் பார்த்தால் யாருக்குத்தான் அலுக்காது என்பது அவள் சொல்லும் காரணம்.

நாளைக்குக் கோயில் ஹாலில் சேவியரைப் பற்றிப் பத்து நிமிடப் படம் போட வேண்டும். அதற்கு அவன் எடுத்தவற்றையெல்லாம் பார்த்தாக வேண்டும். இந்தக் கம்ப்யூட்டரோ ஒரு கிளிப்பைத் தொட்டால் கோபித்துக்கொண்ட மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்துவிடும். இரண்டு நிமிடம் கெஞ்ச வேண்டும்.

பரண்மேல் ஒரு அட்டைப்பெட்டி இருந்தது. சேவியர் வாங்கி வைத்த கிராஃபிக்ஸ் கார்டு. கூடவே பெரிய பவர் சப்ளை, ராம், ஒரு எஸ்எஸ்டி. பெட்டிமேல் மார்க்கரில் 'அக்கா மிஷினுக்கு' என்று எழுதியிருந்தான். அவன்மேல் கோபமாக இருந்த மூன்று வாரம் அவள் அதைத் திறக்கவில்லை. அவன் போன பிறகு துக்கத்தில் திறக்கவில்லை. இன்றைக்குத்தான் இறக்கினாள்.

"அண்ணி, லைட்டு அடிக்கட்டுமா?"

வாசலில் ஜெயசுதா செல்போன் வெளிச்சத்தோடு நின்றாள். வேண்டாம் என்று சொல்ல ரோஸ்லினுக்கு வாய் வரவில்லை. உண்மையில் உள்ளே ஒன்றும் தெரியவில்லை.

இரண்டு பெண்களும் குனிந்து, பேச்சில்லாமல் வேலை பார்த்தார்கள். புதுக் கார்டைப் போர்டின் காலிப் பள்ளத்தில் வைத்து, 'டக்' என்று பூட்டு விழும்வரை அழுத்தினாள் ரோஸ்லின். பவர் சப்ளையை மாற்றினாள். ராம் குச்சிகளைச் செருகினாள். ஸ்விட்சைப் போட்டாள்.

விசிறி சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது.

ரோஸ்லின் ஒருமுறை நிறுத்திப் போட்டாள். மறுபடியும் கறுப்பு. இருந்ததையும் கெடுத்துக்கொண்டோமோ என்று நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"அண்ணி, மானிட்டர் ஒயரு பழைய எடத்துலயே கீது பாருங்க" என்றாள் ஜெயசுதா. "படம் கார்டு வழியாதான் வரணும்னு சொல்வாரு. போர்டுல சொருகிட்டு எவன் எவனோ ஃபோன் பண்ணுவான்னு சிரிப்பாரு."

ரோஸ்லின் ஒயரைப் பிடுங்கிக் கார்டின் பின்பக்கம் செருகினாள். திரை வெளிச்சமானது. இருவரும் ஒரே சமயத்தில் சிரித்துவிட்டு, ஒரே சமயத்தில் நிறுத்திக்கொண்டார்கள். ஒரு வருஷத்தில் அவர்கள் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை.

மற்றதெல்லாம் ரோஸ்லினுக்குக் கைவந்த வேலை. கார்டுக்கு உரிய டிரைவரில் கேம் ஆடுகிறவர்களுக்கானதை விட்டுவிட்டு எடிட்டிங்குக்கானதைப் போட்டாள். பவர் செட்டிங்கை முழு வேகத்துக்கு மாற்றினாள். இத்தனை வருஷம் பிராசசர் ஒன்றே சுமந்த பாரத்தைக் கார்டின் தோளுக்கு மாற்றிவிட்டாள். எடிட் செய்யும்போது சேருகிற தற்காலிக ஃபைல்கள் புது எஸ்எஸ்டிக்குப் போகும்படி செய்தாள். கால்வாசித் தரத்தில் மங்கலாகவே பார்த்துப் பழகிய பிரிவியூவை முழுத் தரத்துக்கு ஏற்றி, போன வாரம் வேறொருவர் எடுத்துவந்த காதுகுத்து ஒன்றை ஓடவிட்டாள்.

தடுக்காமல், திணறாமல் ஓடியது. குழந்தையின் கன்னத்தில் இறங்கிய கண்ணீர்கூடத் தனியாகத் தெரிந்தது.

"இன்னாமா ஓடுது!" என்றாள் ஜெயசுதா. பிறகு குரலைத் தாழ்த்தி, "அண்ணி, ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்க மாட்டீங்களே?" என்றாள்.

"கேளு."

"நாளைக்கு போடுற படத்துல அவரு பேசுறது வருமா? எங்கிட்ட அவரு கொரலு இல்ல அண்ணி. அவரு ஃபோனு அன்னிக்கி தண்ணியில வுழுந்து பூடுச்சி. ஒரே வூட்ல இருந்தோம், எனக்கு எதுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பப் போறாரு? பாப்பா ஒரு தபா கூட அப்பா கொரல கேக்கல. நான் போறதுக்குள்ள ஒரே ஒரு வார்த்த எடுத்துக் குடுங்க. அது போதும்."

ரோஸ்லின் திரையைப் பார்த்தபடியே, "தரேன் சுதா" என்றாள். வாக்குக் கொடுத்தாயிற்று.

*

ஊரார் முகத்தையெல்லாம் பிடித்தவன் தன் முகத்தைப் பிடிக்கவில்லை. கேமராக்காரன் வீட்டுச் சாபம் இது. அவன் எடுத்த கடைசி இரண்டு வருடக் கல்யாணங்களின் சின்ன நகல்கள் டிஸ்கில் இருந்தன. புதுக் கார்டின் புண்ணியத்தில் ரோஸ்லின் அவற்றை மூன்று மணி நேரத்தில் புரட்டிவிட்டாள். ஓரிடத்தில் மண்டபக் கண்ணாடியில் அவன் தோள். இன்னொரு இடத்தில் சுவரில் நிழல்.

மற்றபடி கால்கள்.

ஒவ்வொரு கிளிப்பின் கடைசியிலும் கேமரா தாழ்ந்து தரையைப் பார்க்கும். அதில் ரப்பர் செருப்புப் போட்ட இரண்டு கால்கள், பத்துப் பன்னிரண்டு செகண்டு நிற்கும். பிறகு படம் நின்றுவிடும். எடிட்டருக்கு அது கழிவு. கால் தெரிகிற இடத்தில் வெட்டு என்பது அவள் கைக்குத் தூக்கத்திலும் வரும். இன்றைக்கு வெட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நில்லு. யாரு காலு அது?"

மகனின் போட்டோவைத் துடைத்துக்கொண்டே ஆரோக்கியசெல்வி பின்னால் வந்து நின்றிருந்தாள். முப்பது வருஷம் நாற்று நட்ட இடுப்பு. குனிந்தால் நிமிர நேரமாகும். அவள் குனிந்து திரைக்கு அருகே போனாள்.

"என் புள்ள காலுடி. சுண்டு வெரலு மடிஞ்சி கீது பாரு. ஆறாங் கிளாஸ்ல கரும்பு டிராக்டரு ஏறின காலு." திரையில் அந்தக் காலை விரலால் தொட்டாள். "ஏன்டி ரோசு, யாருகிட்ட பேசிக்கினு கீறான்?"

"பேசுறான்னு எப்பிடிம்மா தெரியும்?"

"கட்ட வெரல பாரு, தட்டிக்கினே கீது. வாய் பேசினாதான் அவனுக்கு கட்ட வெரலு ஆடும். சின்னதுலருந்து அப்பிடித்தான். சத்தம் வையி."

"இதுல சத்தம் இல்லம்மா."

"ஏன் இல்ல?"

ரோஸ்லின் அந்தக் கிளிப்பை நிறுத்தினாள்.

அவன் அவளிடம்தான் பேசிக்கொண்டிருந்தான். ஆரம்பத்திலிருந்தே அவர்களுக்குள் அப்படி ஒரு பழக்கம். ஷாட் முடிந்ததும் கேமராவைத் தாழ்த்தி, நிறுத்துவதற்குமுன் எடிட்டருக்குச் சேதி சொல்வான். 'அக்கா, மாப்பிள்ள கண்ண மூடிட்டாரு, அடுத்தத எடுத்துக்கோ.' 'அக்கா, இதுல வெளிச்சம் அடிச்சிடுச்சி, தூக்கிடு.' நடுவில், 'பசிக்குதுக்கா, கருவாட்டுக் கொழம்பு வையி' என்றும் வரும். முதல் நாலு வருஷம் எல்லாவற்றையும் கேட்டாள்.

பிறகு 4கே கேமரா வந்தது. ஃபைல்கள் பெருத்தன. கம்ப்யூட்டர் திணறியது. ரோஸ்லின் எல்லா எடிட்டர்களும் செய்வதைச் செய்தாள். ஒவ்வொரு கிளிப்புக்கும் சின்னதாக ஒரு நகல் எடுத்து, நகலை வைத்து வேலை பார்த்து, கடைசியில் மட்டும் அசலைச் சேர்ப்பது. அப்படியும் ஒவ்வொரு நகலின் சத்தத்தையும் அலை அலையாக வரைந்து முடிக்கும்வரை மிஷின் நகரவில்லை. எப்படியும் பாட்டுதான் போடப் போகிறோம், மேளத்துக்குத் தனி ரெக்கார்டர் இருக்கிறது, கேமராச் சத்தம் எதற்கு? நகல் எடுக்கிற இடத்தில் 'ஆடியோ' என்ற கட்டத்தில் இருந்த டிக்கை எடுத்துவிட்டாள். கம்ப்யூட்டர் கொஞ்சம் வேகமாக ஓடியது.

அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் முகம் தூக்கிக்கொள்வான்.

"நான் பேசினத கேட்டியாக்கா?" என்பான் வந்ததும்.

"கேட்டேன்டா" என்பாள்.

ஆரம்பத்திலிருந்தே வேலையை முடித்துக் கொடுத்ததும் இடம் வேண்டுமென்று அசல்களை அழித்துவிடுவாள். இரண்டு வருஷம் தம்பி பேசிய அத்தனையையும் தானே கூட்டிப் பெருக்கிக் குப்பையில் கொட்டியிருக்கிறாள் என்று அந்தப் பட்டப்பகலில்தான் ரோஸ்லினுக்கு உறைத்தது.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அதுதான் அவளை நாற்காலியிலிருந்து எழுப்பியது.

ஜெயசுதாவின் வளைகாப்பு. நம்ம வூட்ல இதெல்லாம் வழக்கமில்லை என்று சொல்லி ரோஸ்லின் இந்த அறையைவிட்டு வெளியே வரவில்லை. அதில் அக்காவுக்கும் தம்பிக்கும் பேச்சு நின்றுபோனது. மூன்று வாரம். அவன் எடுத்த கடைசிக் கல்யாணம் அந்த மூன்று வாரத்துக்குள் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்து மெமரி கார்டை மேஜையில் வைத்தவன் போகாமல் வாசலில் நின்றான். அவள் காதில் ஹெட்போன்.

"எல்லாம் அதுல சொல்லிகீறேன்க்கா. கேளு."

அவள் திரும்பாமல் தலையை மட்டும் ஆட்டினாள். மறுநாள் காலை அவன் இல்லை.

*

அந்தக் கடைசிக் கல்யாணத்தை அவளால் தொட முடியவில்லை. மெமரி கார்டிலிருந்து அன்றே அசலை ஏற்றியிருந்த டிஸ்கையே வில்லியனூர் தேரடிப் பக்கம் ஸ்டூடியோ வைத்திருக்கும் தமிழ்க்குமரனிடம் கொடுத்து, முடித்துக் கொடுக்கச் சொல்லிவிட்டாள். திருப்பி வாங்கவும் போகவில்லை.

இப்போது ஸ்கூட்டியில் போனாள். மத்தியான வெயில் மண்டையைப் பிளந்தது.

"குமரண்ணே, அந்த டிஸ்க்கு..."

நாற்பத்தைந்து வயது தமிழ்க்குமரன் மேஜையின் அடி இழுப்பறையைத் திறந்து, ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்த டிஸ்கைத் தேடாமலே எடுத்தார்.

"நீ வருவன்னு தெரியும்மா. இவ்ளோ நாளாவும்னு தெரியல."

"நீங்க சத்தத்தோட பாத்தீங்களாண்ணே?"

"நான் எப்பவும் சத்தத்தோடதான் பாப்பேன்." அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "நீ கேட்டுட்டுத்தான் குடுத்தன்னு நெனைச்சேன். அப்பால நீ கெபியில சத்தியம் பண்ணினத சொன்னாங்க. அன்னியோட வாய மூடிக்கினேன். போனவன் வரப் போறதில்ல. இருக்கிற உன்ன எதுக்கு கொல்லணும்?"

"அவன் பொண்டாட்டிய நெனைச்சீங்களாண்ணே?"

தமிழ்க்குமரன் ரப்பர் பேண்டை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். ரோஸ்லின் டிஸ்கை எடுத்துக்கொண்டாள்.

"தனியா இருக்கும்போது கேளும்மா" என்று மட்டும் பின்னாலிருந்து சொன்னார்.

*

மாலை நாலு மணி. அறைக்கதவைச் சாத்தி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். இருநூற்றுப் பன்னிரண்டு கிளிப். அசல். நகல் எடுக்கத் தேவையில்லை. அவன் வாங்கிவைத்த கார்டு அத்தனையையும் அப்படியே தாங்கியது. ஒவ்வொன்றிலும் நேராகக் கால் தெரிகிற இடத்துக்குப் போனாள்.

"அக்கா, பொண்ணோட சித்தி எல்லா ஃப்ரேம்லயும் வந்து நிக்குது. நீயே பாத்து சிரி."

அவன் குரல். மூக்கடைத்த மாதிரி கொஞ்சம் கரகரத்த அதே குரல். ரோஸ்லின் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"இத தூக்கிடுக்கா, பெருசு ஒண்ணு தலைய நீட்டிடுச்சி. இன்னும் கோவமா?"

அடுத்தது.

"வளைகாப்பு அன்னிக்கி நீ வெளிய வருவன்னு கதவையே பாத்துக்கினு இருந்தேன். வரல. சரி வுடு. எனக்கு கோவம் பூடுச்சி. உனக்கு?"

அதற்கடுத்து.

"பதிலே சொல்ல மாட்டேன்றியே."

ரோஸ்லின் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அந்தக் கல்யாணம் முழுக்க அவன் சமாதானம் பேசிக்கொண்டே இருந்திருக்கிறான், அவளோ டிஸ்கைத் தொடாமலே ஒரு வருஷம் இருந்திருக்கிறாள்.

கடைசிக்கு முந்தின கிளிப். தாலி கட்டி முடிந்து அட்சதை போடுகிறார்கள். கேமரா தாழ்ந்தது. கால்கள் தெரிந்தன. இந்த முறை கட்டைவிரல் ஆடவில்லை. அவன் சொன்னதை அவள் ஒருமுறை கேட்டாள். இரண்டாம் முறை கேட்க ஆரம்பித்தபோது, கதவுக்கு வெளியே அம்மாவின் குரல் உயர்ந்தது. ஒரு காதிலிருந்து ஹெட்போனை நகர்த்தினாள்.

"அந்த நீலச் சட்டைய வச்சிட்டுப் போ."

"அவரு சட்ட அத்தை. பாப்பாவ போத்த எடுத்துக்கினேன்."

"பொய் சொன்னவளுக்கு என் புள்ள சட்ட எதுக்கு? பக்கத்துல படுத்திருந்தவ நீ. கவனிக்காம வுட்டுட்டு, என் பொண்ணு தலையில போட்டவ நீ. வச்சிட்டுப் போ!"

ஜெயசுதா ஒரு வருஷமாகப் பதில் பேசிப் பார்த்து விட்டுவிட்டாள். சட்டையைப் பையிலிருந்து உருவும் சத்தம் மட்டும் கேட்டது.

ரோஸ்லின் எழுந்து கதவைத் திறந்தாள். ஹெட்போன் ஒயரைக் கம்ப்யூட்டரிலிருந்து பிடுங்கி எறிந்தாள். மேஜைமேல் இருந்த இரண்டு ஸ்பீக்கர்களையும் கடைசிவரை திருகினாள்.

"ரெண்டு பேரும் உள்ள வாங்க."

வந்தார்கள். அவள் ஸ்பேஸ் பாரைத் தட்டினாள். கெட்டிமேளத்தின் வால் அடங்கி, அந்தக் கால்கள் வந்தன.

"அக்கா... நேத்துலருந்து நெஞ்சு ஒரு மாதிரி அடைக்குதுக்கா. எடது கையி கடுக்குது. கேஸா இருக்கும்னு சோடா குடிச்சேன், அடங்கல. சுதாகிட்ட முழுசா சொல்லல. ஏழு மாசம், பயந்துக்கும். உன்கிட்ட சொல்லிட்டேன், நீ பாத்துப்பன்னு சொல்லி வச்சிடறேன். நாளைக்கு விடிஞ்சதும் என்ன ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போ. நீ பேசலன்னாலும் பரவால்ல, வண்டிய மட்டும் ஓட்டு, நான் பின்னாடி உக்காந்துக்கறேன். காலைல சுதா வயித்துல கைய வச்சேன்க்கா, இன்னாமா உதைக்குது தெரியுமா? உன்ன மாதிரியே கோவக்காரியா பொறக்கும்." சிரிப்பு. மூச்சு வாங்கும் சத்தம். "கேக்குதாக்கா?"

அதற்குப் பிறகு அவன் உடனே நிறுத்தவில்லை. ஐந்தாறு செகண்டு அந்தக் கால்கள் அப்படியே நின்றன, பதிலுக்குக் காத்திருப்பதுபோல.

"கேக்குதுடா" என்றாள் ரோஸ்லின் திரையைப் பார்த்து. "கேக்குதுடா தம்பி."

படம் நின்றது.

ஜெயசுதா சுவரில் சாய்ந்து, சாய்ந்தபடியே வழுக்கித் தரையில் உட்கார்ந்தாள். அழுகையில்லை. பாப்பா மட்டும் ஸ்பீக்கரைப் பார்த்துக் கையை நீட்டி ஏதோ சொன்னது.

"நான் கேக்கவே இல்ல சுதா. சத்தத்த எடுத்துட்டுத்தான் பாப்பேன். ரெண்டு வருஷமா. அவன்கிட்டயும் கேட்டேன்னு பொய் சொன்னேன். அவன் என்கிட்டதான் சொன்னான். நீ சொன்னதுதான் நெசம்."

ஆரோக்கியசெல்வி மகளைப் பார்த்தாள். மருமகளைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. கையிலிருந்த நீலச் சட்டையை மெதுவாக ஜெயசுதாவின் மடியில் வைத்தாள். பிறகு ரோஸ்லின் பக்கம் திரும்பி, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்:

"மாதா மேல கைய வச்சியேடி, பாவி."

"ஆமாம்மா."

"நாளைக்கு போடுற படத்துல இது வேணாம். நடுவுல வெட்டிடு. புள்ள உதைக்குதுன்னு சொல்றான் பாரு, அது மட்டும் வையி. மத்தத வெட்டிடு. ஒரு புள்ளைய மண்ணுல வச்சிட்டேன். மிச்சம் இருக்கிற ஒண்ண ஊரு காறித் துப்பறத என்னால பாக்க முடியாது."

தாய் மனசு. தப்பு என்று தெரிந்துதான் கேட்டாள்.

ஜெயசுதா வெட்டாதே என்றும் சொல்லவில்லை, வெட்டு என்றும் சொல்லவில்லை. சட்டையை முகத்தருகே கொண்டுபோய், "இன்னொரு தபா போடுங்க அண்ணி" என்று மட்டும் கேட்டாள்.

ரோஸ்லின் போட்டாள். மூன்றாம் முறையும் போட்டாள். பாப்பா தாயின் மடியில் அந்தக் குரலைக் கேட்டபடியே கண்ணயர்ந்தது.

பிறகு அவள் மவுஸைப் பிடித்தாள். எங்கே வெட்டினால் தெரியாது என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? 'அக்கா' என்ற சொல்லை வைத்துக்கொண்டு, நெஞ்சுவலியை எடுத்துவிட்டு, 'காலைல சுதா வயித்துல' என்பதோடு ஒட்டினால் ஊரில் ஒருவருக்கும் ஒட்டுத் தெரியாது. ஜெயசுதாவுக்குக் கொடுத்த வாக்கும் நிறைவேறிவிடும். நாலு நிமிட வேலை.

வெட்டவில்லை. கிளிப்பை முழுசாக, காலையில் ஒட்டி வைத்திருந்த படத்தின் கடைசியில் வைத்து, பென்டிரைவைச் செருகி எக்ஸ்போர்ட்டை அழுத்தினாள்.

பழைய மிஷினாக இருந்தால் இரண்டு மணி நேரம் எடுக்கும். அதற்குள் மனசு மாறும். அம்மா காலைப் பிடித்திருந்தால் நிறுத்தியும் இருப்பாள். தம்பி வாங்கிவைத்த கார்டு அதற்கெல்லாம் இடம் கொடுக்கவில்லை. பச்சைக் கோடு கடகடவென்று ஓடி, அம்மா "வேணான்டி" என்று சொல்லி முடிப்பதற்குள் பாதியைத் தாண்டி, இன்னும் கொஞ்ச நேரத்தில் முடிந்தே போனது.

ரோஸ்லின் பென்டிரைவைப் பிடுங்கி ஜெயசுதாவின் கையில் வைத்தாள்.

"இத நீ வச்சிக்கோ. முழுசா கீது. நாளைக்கு ஹால்ல போடணும்னா நீயே எடுத்துக் குடு. போட வேணாம், பாப்பாவுக்கு மட்டும்னு எடுத்துக்கினு போனாலும் சரி. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

ஜெயசுதா அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். எழுந்து போய், பாப்பாவின் துணிகளுக்கு நடுவே வைத்துப் பையின் ஜிப்பை இழுத்தாள். ஒரு வருஷம் புளுகுணி என்று பேச்சு வாங்கியவளின் முகத்தில் என்ன இருந்தது என்று ரோஸ்லினால் படிக்க முடியவில்லை.

அப்போது பார்த்து ஜெயசுதாவின் செல்போன் அடித்தது. சுபாஷ்.

"சொல்லுண்ணே... ம்... இல்ல, வண்டி எடுத்துக்கினு வரவேணாம்." மாமியாரும் அண்ணியும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள். "வண்டி பத்தாது. டெம்போ எடுத்துக்கினு வா. அம்மா, சித்தப்பா, நம்ம தெருவுல என்ன புளுகுணின்னு சொன்னது யார் யாரு காதுல வுழுந்துச்சோ, எல்லாரையும் ஏத்திக்கினு பூசைக்கு வா. ஹால்ல படம் பாக்கணும்."

எதிர்ப்பக்கம் அவன் ஏதோ கேட்டான்.

"அதுவா? திரும்பி வரும்போது அந்த டெம்போவுல நான் ஏறுறேனா இல்லியான்னு நாளைக்கு சொல்றேன்."

போனை வைத்துவிட்டுப் பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டாள். ரோஸ்லின் திரும்பித் திரையைப் பார்த்தாள். அதில் ரப்பர் செருப்புப் போட்ட இரண்டு கால்கள் இன்னும் நின்றுகொண்டிருந்தன.